நல்ல அணியைக் கலைக்கத் துணிந்தவர் யார்? மூன்று பொது மேலாளர்கள் குறித்த ஓர் ஒப்பீடு

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதிச் சுற்று நடக்கும் ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் இரவு எட்டரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஆறு மணிக்கு வந்து சேர்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் காலைப் பயிற்சிக்கு வரும் கூடைப்பந்து ஆட்டக்காரர்களில் பலர் கைபேசியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பந்தைத் தொடுகிறார்கள். பிறகு நடக்கும் வாதங்களில் ஓர் அணியின் பொது மேலாளரைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் கோப்பை வாங்கிக் கொடுத்தாரா இல்லையா என்ற ஒரே கேள்வியில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. வீரர்களைத் தேர்ந்தெடுத்து, சம்பளம் பேசி, பிற அணிகளுடன் மாற்றிக்கொண்டு, பதினைந்து பேர் கொண்ட அணியை அமைத்துக் கொடுப்பவரை எடைபோட அந்தக் கேள்வி போதாது என்பது என் கருத்து.

அதிர்ஷ்டத்தின் பங்கை முதலில் கழித்தாக வேண்டும். 2019இல் டொராண்டோ ராப்டர்ஸ் கோப்பை வென்றபோது, எதிரணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் கெவின் டுராண்ட் ஐந்தாவது ஆட்டத்திலும் கிளே தாம்சன் ஆறாவது ஆட்டத்திலும் காயம்பட்டு வெளியேறினர். அதற்கு முன், பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டத்தில் கவாய் லெனர்ட் வீசிய கடைசிப் பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு முறை துள்ளிய பிறகே உள்ளே விழுந்தது. அது வெளியே போய், கூடுதல் நேரத்தில் டொராண்டோ தோற்றிருந்தால், அணியை அமைத்த மசாய் உஜிரியின் அறிவு ஒரு துளியும் குறைந்திருக்காது. ஆனால் நம் மைதானத்து வாதத்தில் அவர் பெயரே எழுந்திருக்காது.

ஆகவே நான் வேறோர் அளவுகோலை வைக்கிறேன். தோற்றுக்கொண்டிருக்கும் அணியைக் கலைப்பதில் பெரிய துணிவு இல்லை. ஒருவரும் தடுக்க மாட்டார்கள். பிலடெல்பியாவில் சாம் ஹிங்கி 2013 முதல் அதைத்தான் செய்தார். 2015-16 பருவத்தில் அந்த அணி 10 ஆட்டங்களில் மட்டுமே வென்றது, அவரும் அந்தப் பருவம் முடியும் முன்பே பதவி விலகினார். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் அணி, கோப்பைக்குச் சற்றுக் கீழே தேங்கி நிற்கும்போது, எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது, என்ன காரணத்துக்காக மாற்றுவது என்று எடுக்கும் முடிவில்தான் ஒரு மேலாளர் தெரிகிறார். இந்த அளவில் உஜிரி, டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் ஜோ டுமார்ஸ், ஓக்லஹோமா சிட்டி தண்டரின் சாம் பிரெஸ்டி ஆகிய மூவரையும் பார்க்கலாம். இவர்களில் சிலருக்குத் தலைவர் என்ற பதவிப் பெயர் இருந்தது. வேலை ஒன்றுதான் என்பதால் எல்லோரையும் பொது மேலாளர் என்றே குறிக்கிறேன்.

உஜிரியின் வழி மூன்றிலும் அதிகக் கூச்சலை எழுப்பியது. 2017-18 பருவத்தில் டொராண்டோ 59 ஆட்டங்களில் வென்று தன் வரலாற்றிலேயே சிறந்த கணக்கைப் பதிவு செய்தது. ஆனால் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்திடம் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றான பிளே-ஆஃபில் தோற்றது. அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்ற டுவேன் கேசியை உஜிரி நீக்கினார். ஊரே தன் பிள்ளையாகக் கொண்டாடிய டெமார் டெரோசானை சான் ஆண்டோனியோவுக்கு அனுப்பி, முந்தைய பருவத்தில் காயத்தால் 9 ஆட்டங்கள் மட்டுமே ஆடியிருந்த லெனர்டை வாங்கினார். லெனர்ட் ஓராண்டுக்குப் பின் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையில் இருந்தார். காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கத்தில் பூத்து நிற்கும் மாந்தோப்பை ஒரு பருவத்துக்கு மட்டும் குத்தகை எடுக்கும் வியாபாரியின் கணக்கு இது: மரம் அவருடையதன்று, மழையோ காற்றோ கெடுத்தால் போட்ட பணம் திரும்பாது, காய்த்தால் அந்த ஒரு பருவமே போதும். லெனர்ட் கோப்பையைத் தந்துவிட்டு 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார்.

உஜிரியைக் குறை சொல்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அவர் அணியின் பிற பகுதி குத்தகையில் வந்ததன்று. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2016இல் 27ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர் பாஸ்கல் சியாகம். ஃபிரெட் வான்வ்லீட் டிராஃப்டில் எவராலும் எடுக்கப்படாதவர். லெனர்ட் போன அடுத்த பருவத்திலும் அந்த அணி 53 ஆட்டங்களில் வென்று 19இல் மட்டுமே தோற்றது. 2019 பிப்ரவரியில் மார்க் கசோலைக் கொண்டுவந்த மாற்றமே எனக்கு அதிகம் பிடித்தது. கூடைக்கு அருகில் பிலடெல்பியாவின் ஜோயல் எம்பீடைத் தடுக்க உயரமும் அனுபவமும் சேர்ந்த ஒருவர் வேண்டும் என்ற தேவை துல்லியமாகத் தெரிந்து செய்யப்பட்டது அது.

டுமார்ஸின் டெட்ராய்ட் அணியில் லெனர்டைப் போன்ற பெரும் நட்சத்திரம் எவரும் இல்லை. 2000இல் தன் முதன்மை வீரரான கிராண்ட் ஹில்லை இழக்க நேர்ந்தபோது, அவரை விட்டுக்கொடுத்த அதே ஒப்பந்தத்தில், டிராஃப்டில் எவரும் எடுக்காத பென் வாலஸைப் பெற்றார். ஹில் அடுத்த ஆண்டுகளில் கணுக்கால் காயத்தால் பெரும்பாலும் ஆடவே இல்லை, வாலஸோ தற்காப்பின் தூணானார். 2002இல் மட்டும், அணி அணியாகக் கைமாறிக்கொண்டிருந்த சான்சி பில்லப்ஸ் நடுத்தரச் சம்பளத்துக்கு வந்தார், ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸைக் கொடுத்து ரிச்சர்ட் ஹாமில்டன் பெறப்பட்டார், டெய்ஷான் பிரின்ஸ் 23ஆவது இடத்தில் எடுக்கப்பட்டார். அணி கிழக்குப் பிரிவின் இறுதியை எட்டிய பிறகும் டுமார்ஸ் நிற்கவில்லை. 2004 பிப்ரவரியில், பருவத்தின் நடுவே, ரஷீத் வாலஸைச் சேர்த்தார். அந்த ஜூனில் ஷாகில் ஓ'நீலும் கோபி பிரையன்ட்டும் இருந்த லேக்கர்ஸை 4-1 என வீழ்த்தினார்கள்.

இதே டுமார்ஸ் 2003 டிராஃப்டில் இரண்டாவது வாய்ப்பை டார்கோ மிலிசிச்சுக்குச் செலவிட்டார். அடுத்த மூன்று இடங்களில் போனவர்கள் கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் போஷ், டுவேன் வேட். பலரும் இதைத்தான் அவருடைய பெரும் பிழை என்பார்கள். என் கணக்கில் 2008 நவம்பரில் நடந்தது அதைவிடப் பெரியது. ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பிரிவு இறுதியை எட்டிய அணியிலிருந்து பில்லப்ஸைக் கொடுத்து ஆலன் ஐவர்சனை வாங்கினார். அணிக்கு அப்போது எந்தக் குறை இருந்ததோ அதற்கு ஐவர்சன் மருந்தன்று. முடியப்போகும் அவருடைய ஒப்பந்தம், அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்புக்குள் இடம் தரும் என்பதே அதில் முக்கியம். அந்தப் பருவத்தில் 39 வெற்றி, 43 தோல்வி. முதல் சுற்றிலேயே வெளியேற்றம். கலைக்கும் துணிவு மட்டும் போதாது, ஆடுகளம் காட்டிய குறைக்காகக் கலைக்கிறாரா, கணக்குப் புத்தகத்துக்காகக் கலைக்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் மாவட்டங்களில் அணி நடத்துபவர்களுக்கு டுமார்ஸே நெருக்கமானவர் என்று தோன்றுகிறது. இங்கே நன்றாக ஆடும் பையன் பிளஸ் டூ முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னைக்கோ கோவைக்கோ கல்லூரிக்குப் போய்விடுவான். ஐந்தாண்டு காத்திருந்து வளர்க்கும் வழி கிடையாது. ஒரு போட்டிக்கு மட்டும் கெஸ்ட் பிளேயரை அழைத்து வருவது எளிது, ஆனால் ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வந்தவன் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். பிற அணிகள் வேண்டாம் என்று விட்டவர்களில் தனக்குப் பொருந்துபவனைக் கண்டுபிடிக்கும் கண் ஒன்றே இங்கே செலவில்லாத முதல்.

பிரெஸ்டியின் கதை நீளமானது. தோல்வியும் வெற்றியும் ஒரே கையெழுத்தில் இருப்பதால் என் அளவுகோலுக்கு மிகவும் பயன்படுவதும் அதுதான். 2007இல் டுராண்ட், 2008இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், 2009இல் ஜேம்ஸ் ஹார்டன் என அடுத்தடுத்து எடுத்தார். மூவருமே பின்னாளில் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றனர். 2012இல் அவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போய் மயாமியிடம் 4-1 எனத் தோற்றார்கள். நான்கு மாதம் கழித்து, ஒப்பந்த நீட்டிப்பில் உடன்பாடு ஏற்படாததால் ஹார்டன் ஹூஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். அந்த மாற்றத்தில் கிடைத்த டிராஃப்ட் வாய்ப்பில் ஸ்டீவன் ஆடம்ஸ் வந்தார் என்பது உண்மை. ஆனாலும் அந்த முடிவைத் தூண்டியது பணம், ஆட்டம் அன்று. 2016இல் டுராண்டும் போனார். மூன்று பேர், ஒரு கோப்பையும் இல்லை.

2019 ஜூலையில் அணியின் நட்சத்திரமான பால் ஜார்ஜ் வெளியேற விரும்பியபோது, அவரை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஒரே ஒரு பருவம் ஆடியிருந்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் பிரெஸ்டி பெற்றார். அவற்றில் ஒன்று 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. இரண்டு பருவங்கள் தாழ்ந்து கிடந்த அணி 2023-24இல் 57 வெற்றிகளுக்கு ஏறியது, பிறகு டல்லாஸிடம் தோற்றது. அந்தத் தொடரில் ஜாஷ் கிடியின் தூர வீச்சை டல்லாஸ் பொருட்படுத்தவே இல்லை. அவரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்களை நெருக்கியது. 21 வயதே ஆன, தானே ஆறாவது இடத்தில் தேர்ந்தெடுத்த அந்த இளைஞரை பிரெஸ்டி உடனே சிகாகோவுக்குக் கொடுத்து, 30 வயதான அலெக்ஸ் கருசோவை வாங்கினார். இளமையைக் கொடுத்து முதுமையை வாங்குவது அதுவரை அவர் வழக்கமன்று. கூடைக்கருகே பந்தை மீட்க ஐசேயா ஹார்டன்ஸ்டைனையும் சேர்த்தார். அடுத்த பருவத்தில் 68 வெற்றி, 14 தோல்வி. டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் தன்னைவிட அரையடி உயரமான அந்த அணியின் நட்சத்திரம் நிகோலா யோகிச்சைக் கருசோ மறித்து நின்றார். 2025 கோப்பை இண்டியானாவை ஏழு ஆட்டங்களில் வென்று வந்தது. ஏழாவதில் இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் காயம்பட்டு வெளியேறியதையும் உரிய நேர்மையுடன் கழித்துக்கொள்ள வேண்டும்.

பெருமையை யாருக்கு எழுதுவது என்ற சிக்கலும் உண்டு. யோகிச்சை 41ஆவது இடத்தில் டென்வருக்கு எடுத்தவர் டிம் கானலி. அந்தத் தேர்வின்போது தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 2023இல் கோப்பை வந்தபோது கானலி மினசோட்டாவில் இருந்தார். உஜிரி, டுமார்ஸ், பிரெஸ்டி மூவருக்கும் இந்தக் குழப்பம் குறைவு.

மூவரில் என் முதலிடம் பிரெஸ்டிக்கே. 2012இல் பணத்துக்காகச் செய்ததையும் 2024இல் ஆட்டத்துக்காகச் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கற்றுக்கொண்ட மேலாளர் அவர் ஒருவரே. ஆனால் கணக்கு இன்னும் மூடப்படவில்லை. 2025 ஜூலையில் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், வில்லியம்ஸ், செட் ஹோம்கிரென் ஆகிய மூவருக்கும் உச்ச அளவுச் சம்பளத்தில் ஒப்பந்தங்களை நீட்டித்திருக்கிறார். 2023இல் வந்த புதிய விதிகள், மொத்தச் சம்பளத்துக்கு வைத்த இரண்டாவது, உயர்ந்த வரம்பைத் தாண்டும் அணிகளின் வீரர் மாற்ற உரிமைகளைப் பெரிதும் கட்டுப்படுத்துகின்றன. எனவே ஹார்டன்ஸ்டைனையோ அதே அணியின் லூ டார்ட்டையோ விட வேண்டி வரும்போது, எவரை விடுவது என்பதை ஆடுகளம் தீர்மானிக்குமா, வரம்பு தீர்மானிக்குமா என்பதில்தான் இந்த முதலிடம் நிற்கும்.