தொண்டி தமிழ் இலக்கண வகுப்பு: 'எச்சம்' ஒன்றுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ்தான், அதில் இலக்கணம் வந்தாலே எனக்கு மண்டை காயும். அதனால்தான் தொண்டியில் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு வீட்டு மாடியில் சாயங்காலம் நடக்கிற வகுப்பில் சேர்ந்தேன். மாதம் 500 ரூபாய். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தமிழய்யா.

'பெயரைக் கொண்டு முடிந்தால் பெயரெச்சம், வினையைக் கொண்டு முடிந்தால் வினையெச்சம்' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவள் நான். ஆனால் அதற்கு ஏன் எச்சம் என்று பேர் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐயா போர்டில் மூன்று ஜோடி எழுதினார்: அஞ்சு, அச்சம். மிஞ்சு, மிச்சம். எஞ்சு, எச்சம். எல்லாருக்கும் பளிச்சென்று விளங்கிவிட்டது. கைப்பிடிச் சுவரில் காய்ந்து கிடந்த காக்கா எச்சத்தைக் காட்டி, "இதுவும் அதே சொல்தான்ப்பா, தின்றதில் எஞ்சியது" என்றார். அப்புறம் "கரைவலையை இழுத்த" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்த ஒரு தம்பி, "இழுத்த யாரு ஐயா?" என்று கத்தியேவிட்டான். "அந்த 'யாரு'தான் எஞ்சி நிற்கிறது" என்றார். 'இழுத்து' என்றால் ஒரு வினை பாக்கி, இழுத்துப் போட்டார்கள் என்றோ இழுத்துக் கட்டினார்கள் என்றோ வர வேண்டும். 'இழுத்தார்கள்' என்றால் பாக்கியே இல்லை, தேங்காய் முற்றுகிற அதே முற்றுதான் வினைமுற்று. தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பேரே எச்சவியல், அதில் 10 வகை எச்சத்தைச் சொல்லி 'எஞ்சுபொருட் கிளவி' என்றே குறிக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்ற நீளப் பேரைப் பார்த்துப் பயந்ததும் போச்சு. ஓயாத அலை, கடைசி 'த' விழுந்தால் ஓயா அலை. ஈறு என்றால் கடைசி, அது கெட்டுவிட்டது, பேருக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது.

குறையும் உண்டு. ஆறு மணி வகுப்பு ஆறரைக்குத்தான் தொடங்குகிறது, திருவாடானைப் பக்கம் திரும்பிப் போகிறவர்களுக்கு இது பெரிய சிரமம். ஜெராக்ஸ் நோட்ஸ் மங்கல். மாதிரித் தேர்வு மாதத்துக்கு ஒன்றுதான், வேகமாக விடை போட்டுப் பழக வேறு இடம் பார்க்க வேண்டும்.

இலக்கணம் புரியணும் என்றால் தாராளமாகச் சேரலாம். வருகிற திங்கட்கிழமை ஆகுபெயர் தொடங்குகிறார், அன்றைக்கே வந்துவிட்டால் அதை முதலிலிருந்து கேட்கலாம்.