"ஒரு வருஷம் பொறுங்க" என்றார் வக்கீல்

கல்யாணமாகி மூன்றாவது மாதம், பழைய ஃபைல் ஒன்றில் நீதிமன்றத் தீர்ப்பு நகல் ஒன்றைப் பார்த்தேன். என் கணவருக்கு ஏற்கெனவே திருமணமாகி விவாகரத்தும் ஆகியிருந்தது. வரன் பார்த்த இணையதளத்தில் ‘முதல் திருமணம்’ என்றுதான் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு மாமியார், "சொல்லியிருந்தா நீங்க பொண்ணு குடுத்திருப்பீங்களா?" என்றார். அதைவிடத் தெளிவான ஒப்புதல் வேறென்ன வேண்டும்? நான்தான் பதிவு செய்துவைக்கவில்லை. அடுத்த வாரமே அந்த இணையப் பக்கமும் காணாமல் போனது.

அவர்கள் ஏமாற்றியது ஒரு பங்கு என்றால், அதன்பிறகு நான் கேட்ட யோசனைகள் மூன்று பங்கு.

அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஃபைலைத் திறக்காமலே, "கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாம மனு போட முடியாதும்மா, பொறுங்க" என்றார். (கட்டணம் வாங்க மட்டும் மறக்கவில்லை.) அது விவாகரத்துக்கான விதி. மோசடியால் சம்மதம் வாங்கிய திருமணத்தை ரத்து செய்யக் கேட்பது வேறு வழக்கு: இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 12. அங்கே கணக்கு நேர் எதிர். மோசடி தெரியவந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். எந்த மதத்தவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ள உதவும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே ஒரு வருடம்தான்.

இதற்கிடையில் பெரியவர்கள் கூடிப் பேசி என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்து மாதம் இருந்தேன். உண்மை தெரிந்த பிறகும் முழுச் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்ந்தால் அந்த மனு நிற்காது என்று அதே பிரிவு சொல்கிறது. முழுச் சம்மதமா இல்லையா என்று வாதாடலாம். ஆனால் காலண்டரோடு வாதாட முடியாதே.

இரண்டாவது வக்கீல் முதலில் கேட்டதே தேதியைத்தான். நகலைப் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டார். எல்லாப் பொய்யும் இந்தப் பிரிவில் சேராதாம். எதிர்த்தரப்பைப் பற்றிய ‘முக்கியமான உண்மை’ மறைக்கப்பட்டிருக்க வேண்டும். 1976 திருத்தத்தில் வந்த வார்த்தைகள் அவை. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதை வைத்துக்கொண்டு ஜெயிப்பது கஷ்டம், முந்தைய திருமணத்தை மறைத்தது வலுவான காரணம் என்றார். எனக்கு வலுவான காரணம் இருந்தது, நாள்தான் இல்லை.

இப்போது விவாகரத்து வழக்கு நடக்கிறது. உங்கள் கையில் அப்படி ஒரு காகிதம் சிக்கினால் அன்றைக்கே, தேதி தெரியும்படி, படம் எடுத்துவிடுங்கள். வரன் பக்கத்தையும் சேர்த்து. அப்புறம் வக்கீலிடம் போய் ‘விவாகரத்து’ என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். ‘பிரிவு 12’ என்று கேளுங்கள்.