ஆங்கிலம் வாசிக்க வீட்டிலேயே கற்பித்தல்: மூன்று பாடத்திட்டங்களைப் பார்த்து ஒன்றில் நிலைத்த அனுபவம்

மழலையர் வகுப்பு வயதில் இருக்கும் எங்கள் மகளுக்கு வீட்டிலேயே கல்வி கற்பிப்பது என்று முடிவெடுத்தபோது, எண்களையும் வரைதலையும் பற்றி எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. ஆங்கிலம் வாசிக்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் மலைப்பாக இருந்தது. ஏழு மாதங்களில் மூன்று வகையான பாடத்திட்டங்களைக் கையாண்டு பார்த்துவிட்டு, ஒன்றில் நிலைத்து, இப்போது அதன் 62ஆம் பாடத்தில் இருக்கிறோம்.

முதலில் ஒரு செயலியைப் பயன்படுத்தினோம். வண்ணமும் இசையும் நிறைந்த அந்தச் செயலியை மகள் விரும்பி விளையாடினாள். ஆறு வாரங்களில் நிறைய நட்சத்திரங்களையும் சேர்த்தாள். ஆனால் அதே சொற்களை நான் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது அவளால் இரண்டைக்கூட வாசிக்க முடியவில்லை. பக்கத்தில் அமர்ந்து கவனித்தபோதுதான் காரணம் புரிந்தது: நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், தவறானால் மீண்டும் தொடலாம் என்ற அமைப்பில், வாயைத் திறந்து ஒரு சொல்லைக்கூடச் சொல்லாமலேயே பாடம் முழுவதையும் முடித்துவிடலாம். குழந்தை எப்படி உச்சரிக்கிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைக் கேட்க அங்கே ஒரு காது இல்லை.

அடுத்து வாங்கியது, படிப்படியாகக் கடினமாகும் சிறு கதைப் புத்தகங்களின் தொகுப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வாக்கியம், அதில் ஒரு சொல் மட்டும் மாறும், அந்தச் சொல்லுக்குரிய படம் மேலே இருக்கும். நான்காம் நாளே மகள் கடகடவென்று வாசித்தாள். எனக்கும் பூரிப்பாக இருந்தது. ஒரு பக்கத்தில் ‘ஷிப்’ என்று அச்சிட்டிருந்ததை அவள் ‘போட்’ என்று தயக்கமே இல்லாமல் வாசித்தபோது அந்தப் பூரிப்பு போய்விட்டது. இரண்டு சொற்களுக்கும் முதல் எழுத்தே வேறு. அவள் எழுத்துகளைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். குறை அவளுடையது அன்று, அந்தப் புத்தகங்கள் அவளுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தன. படம் துணை இருக்கும்வரை ஊகம் கைகொடுக்கும்; படமில்லாத பக்கம் வரும் நாளில் குழந்தைக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இருக்காது.

மூன்றாவதாக எடுத்த ‘டீச் யுவர் சைல்ட் டு ரீட் இன் 100 ஈஸி லெசன்ஸ்’ என்ற புத்தகம்தான் நிலைத்தது. 1983இல் வெளிவந்த இதை சீக்ஃப்ரீட் எங்கல்மேன், ஃபிலிஸ் ஹாடக்ஸ், எலெய்ன் புரூனர் ஆகிய மூவரும் எழுதினார்கள். 1960களில் எங்கல்மேனும் அவருடைய குழுவினரும் வகுப்பறைகளுக்காக உருவாக்கிய நேரடிக் கற்பித்தல் முறையை வீட்டுக்கு ஏற்றபடி சுருக்கியிருக்கிறார்கள். ஒரு பாடத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். பெற்றோர் சொல்ல வேண்டியது ஒவ்வொரு வரியும் சிவப்பு எழுத்தில் தரப்பட்டிருக்கிறது என்பதால், ஆசிரியப் பயிற்சி இல்லாதவர்களும் தயக்கமின்றி நடத்தலாம். முக்கியமாக, குழந்தை கதையை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்த பிறகுதான் படம் காட்டப்படுகிறது. ‘போட்’ என்று ஊகிக்க இங்கே வாய்ப்பே இல்லை.

எழுத்தின் பெயரைச் சொல்லாமல் அதன் ஒலியை மட்டும் முதலில் கற்பிப்பது இதன் அடிப்படை. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், இது ஏன் தேவை என்று நமக்கு எளிதில் தோன்றாது. ஆங்கிலத்தில் ‘எம்’, ‘ஈ’ என்று எழுத்துப் பெயர்களைச் சேர்த்தால் ‘எம்ஈ’ என்றுதான் வரும், ‘மீ’ வராது. முதல் பாடத்தில் ‘எம்’, ‘எஸ்’ இரண்டின் ஒலிகள், பின்னர் இரண்டு பாடங்களுக்கு ஒன்றாகப் புதிய ஒலிகள் என்று இப்புத்தகம் நிதானமாக நடக்கிறது. தொடக்கத்திலேயே இவ்விரண்டும் வருவதற்குக் காரணம் உண்டு: இவை மூச்சு உள்ளவரை நீட்டக்கூடிய ஒலிகள். ‘ம்ம்ம்ஈஈஈ’ என்று இடையில் நிறுத்தாமல் இழுத்து, பிறகு வேகமாகச் சொன்னால் ‘மீ’ தானாகவே வந்துவிடுகிறது. ‘பி’, ‘டி’ போன்றவற்றின் ஒலிகளை அப்படி நீட்ட முடியாது.

இங்கே தமிழ் பேசும் பெற்றோருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மெய்யொலியைத் தனியாகச் சொல்லும்போது அதன் பின்னால் ஓர் அகரத்தைச் சேர்த்து ‘ம’, ‘ஸ’ என்று சொல்லிவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை. அப்படிக் கற்ற குழந்தைக்கு ‘மஈ’ என்று வருமே தவிர ‘மீ’ வராது. புள்ளி வைத்த எழுத்தை அறிந்த நமக்கு இதை விளக்கத் தனிப் பாடமே வேண்டியதில்லை. ‘ம அன்று, ம்’ என்று ஒரே ஒரு முறை சொன்னேன். மகள் உதடுகளை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுத்த அந்தக் காலை இன்னும் நினைவில் இருக்கிறது.

புத்தகத்தின் எழுத்துரு சிலரைத் தயங்க வைக்கலாம். நெடிலாக ஒலிக்கும் உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு, ஒலிக்காத எழுத்து அளவில் சிறியதாக, இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தருமிடத்தில் அவை ஒட்டிக்கொண்டு என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 44 ஒலிகளை 26 எழுத்துகளுக்குள் அடைத்திருக்கும் மொழியில், தொடக்கநிலைக் குழந்தைக்கு இது நல்ல ஊன்றுகோல் என்பதே என் கருத்து. பிற்பகுதிப் பாடங்களில் இவை விலக்கப்பட்டு வழக்கமான அச்சுக்கு வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் அப்படியே நாங்கள் பின்பற்றவில்லை. பாடத்தின் முடிவில் வரும் எழுதும் பயிற்சியை மாலைக்கு மாற்றினோம். கடினமான பாடத்தை இரண்டு நாட்களுக்குப் பிரித்தோம். கூடுதல் பயிற்சிக்காக ‘பாப் புக்ஸ்’ வரிசையின் முதல் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டோம். அதன் முதல் புத்தகம் நான்கே எழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்டது என்பதால், ஒரு முழுப் புத்தகத்தைத் தானே வாசித்து முடித்த நிறைவு அவளுக்கு வெகு சீக்கிரமே கிடைத்தது.

எழுத்துக்கூட்டுவதைக் கற்பிப்பதில்தான் இத்தகைய திட்டத்தின் வலிமை இருக்கிறது. சொல்வளத்தையும் உலக அறிவையும் இது ஒன்றே தந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவதே வாசிப்பு என்று கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் விளக்கினார்கள். கூட்டல் அன்று, பெருக்கல்: ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆகவே இரவில் நான் கதை வாசித்துக் காட்டுவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. அதில் பாதி தமிழ்க் கதைகள். ஒரு கதையின் காரணத்தையும் விளைவையும் எந்த மொழியில் புரிந்துகொண்டாலும் அது மற்ற மொழி வாசிப்புக்கும் உதவும்.

ஓரிடத்தில் உட்காரச் சிரமப்படும் குழந்தைக்கு, கறுப்பு வெள்ளைப் படங்களும் வரிக்கு வரி வகுத்த உரையாடலும் கொண்ட இந்தப் புத்தகம் பொருந்தாமல் போகலாம். அவர்கள் ‘ஆல் அபவுட் ரீடிங்’ திட்டத்தைப் பார்க்கலாம். பார்த்தும் கேட்டும் தொட்டும் எழுத்தொலிகளைப் படிப்படியாகக் கற்பிக்கும் ஆர்டன்-கில்லிங்கம் அணுகுமுறையைத் தழுவிய அதில் எழுத்து அட்டைகளைக் கையால் நகர்த்திச் சொற்களை உருவாக்குகிறார்கள். வாசிப்புக்கு முந்தைய ஆயத்தப் படி ஒன்றும் அதற்குப் பின் நான்கு நிலைகளும் கொண்ட அதற்கு ஒரே புத்தகத்தைவிடக் கூடுதல் பொருட்கள் தேவைப்படும்.

எதை வாங்குவதானாலும் அதற்கு முன் ஒரு சிறு சோதனையைச் செய்துவிடுங்கள். ‘பூ… னை’ என்று இடைவெளி விட்டுச் சொல்லி, வேகமாகச் சேர்த்துச் சொல்லுமாறு குழந்தையிடம் கேளுங்கள். பிறகு ‘க்… ஆ… ல்’ என்று தனித்தனி ஒலிகளாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் ‘கால்’ என்று வராவிட்டால், எழுத்தைக் காட்டாமல் இதையே சில வாரம் விளையாட்டாக நடத்துவது நல்லது. எங்கள் மகளுக்கு மூன்று வாரம் தேவைப்பட்டது. அதன் பிறகுதான் முதல் பாடத்தைத் திறந்தோம்.