ஐ5-2500கே: ஒன்பது ஆண்டு ஓவர்க்ளாக் அனுபவம்

2011 ஜனவரியில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-2500கே செயலியை அடுத்த ஆண்டு வாங்கி, ஒன்பது ஆண்டுகள் ஓவர்க்ளாக் செய்த நிலையிலேயே, அதாவது நிர்ணயித்த வேகத்தைவிடக் கூட்டி வைத்தே, பயன்படுத்தினேன். இதன் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கும் எண்ணான மல்டிபிளையர் பூட்டப்படாதது என்பதால், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) அதை 45 என்று மாற்றினாலே 4.5 கிகாஹெர்ட்ஸ் வந்துவிடும். அந்த வேகத்துக்கு எத்தனை வோல்ட் போதும் என்று கண்டறியத்தான் இரண்டு வாரம் பிடித்தது.

முதலில் மின்னழுத்தத்தை மதர்போர்டின் 'ஆட்டோ' பொறுப்பில் விட்டிருந்தேன். அது 1.38 வோல்ட் வரை தாராளமாக அள்ளிக் கொடுத்ததில், செயலியை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95 மென்பொருள் ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடமே வெப்பநிலை 85 டிகிரியைத் தாண்டியது. நானே 1.25 என்று வைத்தபோது விண்டோஸ் திறந்தது. ஆனால் சோதனையைத் தொடங்கியதும் 124 என முடியும் பிழை எண்ணுடன், விண்டோஸ் முடங்கும்போது தோன்றும் நீலத்திரை வந்து நின்றது. 0.01 வோல்ட்டாக ஏற்றிக்கொண்டே போய், 1.30-இல் இரவு முழுவதும் பிழையின்றி ஓடக் கண்டேன். வெப்பமும் 72 டிகிரிக்குள் அடங்கியது. சுமை ஏறும்போது மின்னழுத்தம் சற்று இறங்கும் என்பதால், கணினி சும்மா இருக்கையில் சிபியு-இசட் (செயலியின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் காட்டும் மென்பொருள்) காட்டும் எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.

பிறகு 4.8 மீது ஆசை வந்தது. அதற்கு 1.42 வோல்ட் கேட்டது. செயலியின் மின்நுகர்வு வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடுவதால், ஏழு சதவீதம்கூட எட்டாத வேகத்துக்காகக் கணக்குப்படி 27 சதவீதம் கூடுதல் மின்சாரம் செலவாகிறது. அரை மணி நேரம் எடுத்த வீடியோ மாற்றம் இரண்டு நிமிடம் முன்னதாக முடிந்தது. விசிறியின் இரைச்சலோ அடுத்த அறை வரை கேட்டது. அப்படியும் பிடிவாதமாக இரண்டு கோடைகள் ஓட்டினேன்.

அதற்கான விலை பின்னர்தான் தெரிந்தது. 4.5-க்குத் திரும்பியபோது, முன்பு போதுமாயிருந்த 1.30 போதவில்லை, 1.33 கொடுத்தால்தான் சோதனையைத் தாண்டியது. உயர் மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து சில்லைத் தேய்த்துவிட்டன என்றே கருதுகிறேன். இச்செயலியை இன்னும் வைத்திருப்போர் 1.30-இல் எந்த வேகம் நிலையாக நிற்கிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னுடையது இப்போது தம்பி மகளின் மேசையில் 4.2-இல், சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.