வகுப்பறையா, துறைத் தலைமையா, நிர்வாகமா: உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் பாதைகள் ஓர் ஒப்பீட்டு அலசல்

பத்தாண்டு பாடம் நடத்திய உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்குப் பொதுவாக நான்கு வழிகள் திறக்கும். வகுப்பறையிலேயே தொடரலாம். பாடத் துறையின் தலைவராகலாம். எட்டாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும் என்பதுபோல் ஒரு வகுப்பு நிலைக்கு மாணவர் நலப் பொறுப்பை ஏற்கலாம். துணைத் தலைமை ஆசிரியராகி, பிறகு தலைமை நாற்காலிக்குப் போகலாம். பலரும் இவற்றை ஊதியத்தை வைத்தே எடைபோடுகிறார்கள். பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில் ஆசிரியர் அறையில் கேட்கும் முணுமுணுப்போ பெரும்பாலும் பாடவேளையைப் பற்றியது. எத்தனை பாடவேளை குறைத்தார்கள், அதற்கு ஈடாக எவ்வளவு வேலை வந்தது, அந்த வேலையில் முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை வைத்தே இங்கே நான்கு பாதைகளையும் பார்க்கலாம்.

முதலில் திருப்தி பற்றிக் கொஞ்சம். உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்னது இன்றும் பயன்படும் ஒரு பிரிவினை: வேலையில் மனநிறைவு தரும் காரணிகள் வேறு, எரிச்சல் தரும் காரணிகள் வேறு. எரிச்சலை நீக்கிவிட்டால் மனநிறைவு தானாக வந்துவிடாது. கல்வி ஆய்வாளர் தாமஸ் செர்ஜியோவானி 1967இல் இதை ஆசிரியர்களிடம் சோதித்தபோது சாதித்த உணர்வு, பாராட்டு, பொறுப்பு ஆகியவை மேலே வந்தன. பதவி உயர்வு அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. ஆசிரியர் வேலையில் ஏறுவதற்குப் படிகளே குறைவு என்பது அவர் தந்த விளக்கம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2018இல் நடத்திய ஆசிரியர் ஆய்விலும் இந்த இரட்டைத்தன்மை தெரிகிறது. மொத்தத்தில் வேலை திருப்தியாக இருக்கிறது என்றவர்கள் சுமார் 90 விழுக்காடு. சமூகம் தங்கள் தொழிலை மதிக்கிறது என்றவர்கள் 26 விழுக்காடுதான். ஆகவே “உங்களுக்குத் திருப்தியா?” என்ற ஒற்றைக் கேள்வியால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எதில் திருப்தி என்று கேட்க வேண்டும்.

வகுப்பறையிலேயே தொடர்வது

இந்தப் பாதையைப் “பதவி கிடைக்காதவர்கள் இருக்கும் இடம்” என்று பார்ப்பது பெரிய தவறு. கல்வி ஆய்வாளர் மைக்கேல் ஹூபர்மன் 1980களில் சுவிட்சர்லாந்தில் சுமார் 160 உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் பணி வாழ்க்கையை ஆராய்ந்தார். பிற்காலத்தில் நிறைவோடு இருந்தவர்களில் அதிகம் பேர், தங்கள் வகுப்பறைக்குள் சின்னச் சின்ன மாற்றங்களை விடாமல் செய்துவந்தவர்கள். பள்ளி முழுவதற்குமான பெரிய சீர்திருத்தங்களில் இறங்கியவர்களிடம் கசப்பு கூடுதலாக இருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. வகுப்பறை மாற்றத்தின் பலன் அடுத்த வாரமே கண்ணில் படும். பள்ளி அளவிலான திட்டமோ தலைமை மாறியதும் கிடப்பில் போகும்.

இனி சுமையைக் கணக்கிடலாம். வாரத்துக்கு 40 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், ஒருவர் நடத்துவது 28 என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் ஓய்வுப் பாடவேளை 12. விடுப்பில் போனவர்களுக்குப் பதிலாக வகுப்புக்குப் போவதில் 3, துறைக் கூட்டத்தில் 1 கழிந்தால் மீதி 8, அதாவது 5 மணி 20 நிமிடம். ஒரு பிரிவுக்கு வாரம் 6 பாடவேளை என்றால் கணித ஆசிரியருக்கு நான்கு பிரிவுகளும் கொஞ்சம் உதிரி வேலையும் வரும். பிரிவுக்கு 36 பேர் என்றால் 144 விடைத்தாள்கள். தாளுக்கு 6 நிமிடம் என்றாலும் ஒரு தேர்வுக்கு 14 மணி 24 நிமிடம் ஆகும். பள்ளி நேரத்தில் கிடைக்கும் ஓய்வை முழுதாகக் கொட்டினாலும் முடிக்க இரண்டரை வாரத்துக்கு மேல் எடுக்கும். கட்டுரை திருத்தும் மொழி ஆசிரியருக்குத் தாளுக்கு 10 நிமிடம் சாதாரணம்.

ஓவியம் போல பிரிவுக்கு 2 பாடவேளை மட்டுமே உள்ள பாடங்களின் நிலை வேறு. அதே 28 பாடவேளைக்கு 14 பிரிவுகள், 504 மாணவர்கள். திருத்தல் குறைவு, ஆனால் ஆண்டு முடியும்வரை பாதிப் பேரின் பெயர் தெரியாது. மாணவரை நெருங்கி அறிவதில்தான் நிறைவு என்று நினைக்கும் ஒருவரை இது மெல்ல மெல்ல அரிக்கும். பாடம் எதுவாக இருந்தாலும் சுமை ஒன்றே என்று பாடவேளை எண்ணிக்கையை மட்டும் சமப்படுத்தும் பள்ளிகள் இதைக் கவனிப்பதில்லை.

வகுப்பறையில் நீடிப்பவருக்குள்ள ஆபத்து தேக்கம். ஒரே வகுப்பு, ஒரே பாடக்குறிப்பு, எட்டாவது ஆண்டு. கைகண்ட மருந்து இரண்டு: மூன்றாண்டுக்கு ஒருமுறை வகுப்பு நிலையை மாற்றிக் கேட்பது, பருவத்துக்கு ஒரே ஓர் அலகை மட்டும் அடியோடு திருத்தி எழுதுவது. எல்லா அலகையும் ஒரே ஆண்டில் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் இரண்டாம் பருவத்திலேயே பழைய குறிப்பேட்டைத் தேடி எடுக்கிறார்கள்.

இன்னொரு குறை, படிகள் இல்லாமை. சமூகவியலாளர் டேன் லோர்ட்டி 1975இலேயே இதைச் சுட்டினார்: ஆசிரியர் தொழிலில் முதல் நாளும் முப்பதாம் ஆண்டும் வேலை அளவில் ஏறத்தாழ ஒன்றுதான். சில நாடுகள் இதற்கு வழி கண்டன. சிங்கப்பூரில் கற்பித்தல், தலைமைத்துவம், சிறப்புத் துறை என்று மூன்று தடங்கள். கற்பித்தல் தடத்தில் மூத்த ஆசிரியர், முன்னணி ஆசிரியர், முதன்மை ஆசிரியர் என்று ஏறலாம், அதற்கு நிர்வாகியாக வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1998 முதல் 2013 வரை இருந்த உயர்திறன் ஆசிரியர் பதவியில் வாரத்தில் ஒரு நாள் அளவு நேரம் பிற பள்ளி ஆசிரியர்களுக்கு உதவ ஒதுக்கப்பட்டது. அந்த ஒரு நாள்தான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. நேரம் தராமல் “மூத்த ஆசிரியர்” என்ற பட்டத்தை மட்டும் தரும் பள்ளியில், அவர் வருகையாளர்களுக்கு மாதிரி வகுப்பு நடத்திக் காட்டும் காட்சிப்பொருளாகிப் போவார்.

பாடத் துறைத் தலைமை

நான்கில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் பாடத்தோடு ஒட்டிய, கௌரவமான பொறுப்பு. உள்ளே போனால் கணக்கு உதைக்கும்.

துறையில் 6 ஆசிரியர்கள், ஆண்டுக்கு 36 வாரம் என்று கொள்வோம். பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் வகுப்பையும் பார்க்க வேண்டும்: 40 நிமிடம் வகுப்பு, 30 நிமிடம் பேச்சு, 20 நிமிடம் எழுத்து. ஆறு பேருக்கு 9 மணி நேரம், மூன்று பருவத்துக்கு 27. ஐந்து வகுப்பு நிலைகளுக்கு மூன்று தேர்வு, 15 வினாத்தாள். சரிபார்க்கத் தாளுக்கு 2 மணி நேரம் என்றால் 30. வாராந்திரக் கூட்டம் 36 மணி நேரம், அதற்கான ஆயத்தம் 18. புத்தகம், ஆய்வகப் பொருள், இருப்புப் பதிவேடு 15. ஆக 126 மணி நேரம், வாரத்துக்கு மூன்றரை. ஐந்து பாடவேளைக்கு மேல். பல பள்ளிகள் குறைப்பது மூன்று. மீதி ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வரும். பெற்றோர் புகார், புதிதாகச் சேர்ந்தவருக்கு வழிகாட்டல் எதையும் இதில் சேர்க்கவில்லை.

நேரப் பற்றாக்குறையையாவது சமாளிக்கலாம். அதிகாரப் பற்றாக்குறைதான் ஆளைச் சாய்க்கிறது. பணி அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கரசெக் 1979இல் விளக்கியதுபோல, வேலையின் நெருக்கடி கூடி, அதைக் கட்டுப்படுத்தும் உரிமை குறைவாக இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. துறைத் தலைவர் தேர்வு முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எந்த ஆசிரியருக்கு எந்தப் பிரிவு என்பதை வேறொருவர் தீர்மானிப்பார். நிலைமை அப்படியென்றால் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நன்றாக நடக்கும் துறையில் இதற்கு ஈடான இன்பமும் உண்டு. விடைத்தாள் திருத்தலைச் சீர்படுத்தும் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மறைத்த ஐந்து விடைத்தாள்களின் நகலை எல்லோருக்கும் தந்து, தனித்தனியாகத் திருத்தச் சொல்கிறார்கள். 5 மதிப்பெண் கணக்கு. மாணவர் மூன்றாம் வரியில் கூட்டல் குறியைத் தவறவிட்டு, அதற்குப் பிறகு எல்லாம் சரியாகச் செய்திருக்கிறார். ஒருவர் 1 போட்டிருப்பார், இன்னொருவர் 4. விடை தவறு என்பது முதலாமவர் வாதம். தவறு ஒன்றுதான், அதற்கு ஒருமுறைதானே தண்டிக்கலாம் என்பது இரண்டாமவர் வாதம். அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு “ஒரு பிழைக்கு ஒருமுறை மட்டும் கழிவு” என்று ஒரு வரி விதி பிறக்கிறது. நான்கு பிரிவு மாணவர்களுக்கு அன்று முதல் ஒரே நீதி. இப்படிப்பட்ட கூட்டத்தில் முகம் மலர்பவர் துறைத் தலைமைக்கு ஏற்றவர்.

வகுப்பைப் பார்வையிடுவதில் பலர் சறுக்குகிறார்கள். நேற்றுவரை பக்கத்து மேசையில் இருந்தவரைத் திடீரென மதிப்பிட வேண்டும். “நன்றாக இருந்தது சார்” என்று மழுப்பினால் ஆறு மாதத்தில் பேச்சுக்கு மதிப்பிராது. குறை பட்டியல் நீட்டினால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வகுப்பில் நடந்ததை நிமிட வாரியாகக் குறித்துவைத்து, “10:05க்குக் கேட்ட கேள்விக்கு முன்வரிசைதான் பதில் சொன்னது, பின்வரிசைக்கு எப்படிக் கொண்டுபோகலாம் டீச்சர்?” என்று ஒரே ஒன்றைப் பேசுவது நடைமுறையில் செல்லும்.

மாணவர் நலப் பொறுப்பு

இங்கே கணக்கே போட முடியாது. அதுவே இதன் குணம். ஒரு வாரம் ஒன்றுமிருக்காது. அடுத்த வாரம் வராமல் நின்றுவிட்ட மாணவி, கைகலப்பு, அழுதபடி வரும் தந்தை என்று மூன்று நாளில் எல்லா ஓய்வுப் பாடவேளையும் போய்விடும். நாளுக்கு ஒரு பாடவேளையை யாரும் தொடாதபடி கால அட்டவணையிலேயே பூட்டி வாங்காவிட்டால், உங்கள் பாட வகுப்பிலிருந்துதான் நேரம் பறிபோகும். உங்கள் பாடத்தின் மதிப்பெண் சரிவது அப்படித்தான்.

நடந்ததை அன்றே நான்கு வரியில் பதிவு செய்வது கட்டாயம்: யார், என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள், அடுத்து யாருக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து விசாரணை வரும்போது நினைவு கைகொடுக்காது. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மாணவருக்கு வாக்குக் கொடுப்பது புதியவர்கள் செய்யும் ஆபத்தான தவறு. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் சொல்லியே ஆக வேண்டும்; பேச்சின் தொடக்கத்திலேயே அதைத் தெளிவாக்கிவிட வேண்டும்.

மற்ற பாதைகளில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும்: ஒரு மாணவரின் போக்கு மாறுவதை நேரில் காண்பது. விலை, வீட்டுக்கு வந்தபின்னும் தலையில் ஓடிக்கொண்டிருக்கும் முகங்கள். நான்கைந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்க வேண்டிய பொறுப்பு அல்ல இது.

துணைத் தலைமை, தலைமை

இரண்டும் ஒரே ஏணியின் படிகளாகத் தெரிந்தாலும் வேலையின் ருசி வேறு. துணைத் தலைமை ஆசிரியரின் நாள், முதல் மணிக்கு முன்பே “மூன்று பேர் வரவில்லை” என்று தொடங்கும். யாருக்கு ஓய்வு, யார் நேற்றே இரண்டு முறை பதிலி வகுப்புக்குப் போனார், ஆய்வக வகுப்புக்கு வேறு பாட ஆசிரியரை அனுப்பலாமா என்று கால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும். சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவறினால் ஆசிரியர் அறையே பேசும். யாருக்கு எத்தனை முறை கொடுத்தோம் என்ற ஓடும் கணக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவைத்தால் பாதிச் சண்டை அடங்கும்.

புதிர் பிடித்தவர்களுக்கு இந்தப் பதவி விருந்து. ஆய்வகத்துக்கு இரட்டைப் பாடவேளை, பகுதிநேர ஆசிரியருக்கு இரண்டு நாள் மட்டும், ஒரே மைதானம் என்று கட்டுப்பாடுகளை முதலில் அடைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றை நிரப்பினால்தான் கால அட்டவணை நிற்கும். தலைகீழாகத் தொடங்கினால் கடைசி வகுப்பில் எல்லாம் கலைக்க வேண்டிவரும்.

தலைமை ஆசிரியருக்கு முடிவெடுக்கும் உரிமை திரும்பக் கிடைக்கிறது. தனிமையும் கூடவே வருகிறது, ஏனென்றால் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் உத்தரவாகக் கேட்கப்படும். இந்த இரு பதவியிலும் ஒரு வகுப்பையாவது கையில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் பொதுத்தேர்வு இல்லாத வகுப்பைக் கேட்பது நல்லது. அதையும் மூன்றாவது, நான்காவது பாடவேளையில். முதல் பாடவேளையை வராதவர்கள் பிரச்சினை தின்றுவிடும், கடைசியைப் பெற்றோர் சந்திப்பு தின்றுவிடும்.

ஒப்புக்கொள்வதற்கு முன்

பாடமே பிடித்தவர் வகுப்பறையிலோ துறைத் தலைமையிலோ இருக்கலாம். மாணவர்தான் பிடிக்கும் என்பவருக்கு நலப் பொறுப்பு. ஒழுங்குபடுத்துவதில் ருசி காண்பவருக்குத் துணைத் தலைமை. பாடம் நடத்துவதில் அலுத்துப்போனதால் நிர்வாகத்துக்குப் போகிறேன் என்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கட்டும். அங்கே பாடம் இருக்காது என்பது உண்மைதான், ஆனால் பாடம் நடத்த முடியாதவர்களின் பிரச்சினைகள் எல்லாம் மேசைக்கு வரும்.

பொறுப்பு பற்றிய பேச்சை அடுத்த ஆண்டுக் கால அட்டவணை தயாராவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தயாரான பிறகு “பார்த்துக் குறைத்துத் தருகிறோம்” என்பார்கள், குறையாது. கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை: குறையும் பாடவேளை எத்தனை, ஆசிரியர்களுக்குப் பிரிவு ஒதுக்குவதில் உங்கள் ஒப்புதல் தேவையா, பதிலி வகுப்பிலிருந்து விலக்கு உண்டா, இரண்டாண்டு கழித்து வகுப்பறைக்குத் திரும்ப விரும்பினால் பணிமூப்பு பாதிக்கப்படாமல் திரும்பலாமா. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்குகிறவர்கள் அதிகம், ஆர்வமில்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில். அதற்கு நேரான பதில் தரும் பள்ளியில் பொறுப்பேற்றவர்கள், வேலை ஒத்துவரவில்லை என்றாலும் பள்ளியை விட்டே போவதில்லை. பழைய மேசைக்கு வந்து அமர்ந்துவிடுகிறார்கள்.