கலிஃபோர்னியா கவுண்டி நீதிமன்ற சுய உதவி மையம்: என் மதிப்பீடு

கூட வேலை பார்க்கும் நண்பனின் மகள் சிறார் நீதிமன்றப் பாதுகாப்பில் இருக்கிறாள். பெற்றவன் நண்பன்தான், ஆனால் சட்டப்படி அவளுக்கு அப்பா வேறொருவர் என்று முன்பே தீர்ப்பாகிவிட்டது. நண்பனுக்குத் துணையாக இந்த மையத்துக்குப் போனேன். காசு வாங்குவதில்லை, வரிசைதான் நீளம்.

கவுண்டரில் இருந்த அம்மா தந்தைமை கோரும் ஜேவி-505 படிவத்தைக் கொடுத்துவிட்டு, குடும்பச் சட்டத்தின் 7646-ஆம் பிரிவை ஒளிக்காமல் காட்டினார். மரபணுச் சோதனையை வைத்துத் தீர்ப்பை நீக்கக் கேட்கும் உரிமை தாய்க்கும் பிள்ளைக்கும் தீர்ப்பில் தந்தையானவருக்கும் இவர்களின் சட்டப் பிரதிநிதிகளுக்கும்தான். பெற்றவன் அந்தப் பட்டியலிலேயே இல்லை! நண்பன் முகம் செத்துப்போனது. அந்த உண்மையை அன்றே சொன்னதற்கு நூறு கும்பிடு.

ஆனாலும், இரண்டு பெற்றோரோடு நிறுத்தினால் பிள்ளைக்குக் கேடு என்றால் மூன்றாமவரையும் ஏற்கலாம் என்கிறது 2014 முதல் நடப்பில் உள்ள சட்டம். மையத்தில் சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்கள், தகவல் மட்டுமே. வக்கீலைத் தனியாகப் பிடியுங்கள்.