வேளச்சேரியா, குரோம்பேட்டையா?

சென்னையில் குறைந்த வாடகைக்கு வீடு தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வேலை எங்கே என்றுதான். தரமணி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் என்றால் வேளச்சேரி கிட்டத்தில். பறக்கும் ரயிலும் உண்டு. ஆனால் ஐ.டி. கூட்டத்தால் வாடகை ஏறிக் கிடக்கிறது. போதாததற்குச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. 2015 வெள்ளத்தில் பல தெருக்கள் மூழ்கின. தரைத்தளம் மலிவாக வந்தால், மழைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து மளிகைக் கடையில் விசாரியுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை!

குரோம்பேட்டையில் அதே காசுக்குக் கொஞ்சம் பெரிய வீடாகவே பார்க்கலாம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் இருப்பதால் கிண்டி, மாம்பலம், எழும்பூர் போக பைக் வேண்டாம். இங்கும் தாழ்வான தெருக்கள் இல்லாமலில்லை. அப்புறம், கோடையில் லாரித் தண்ணீர்க் காசு யார் தலையில் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

அட்வான்ஸ் இரண்டு இடத்திலும் ஒரே தலைவலி. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. அப்படித்தான் பலர் எழுதி வாங்குகிறார்கள்.

என் ஓட்டு குரோம்பேட்டைக்கு, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு கிடைத்தால்.